மாற்றிப் பொருத்தும் திசுவே மருந்தைச் சுமக்கும் வழி

வாய், நாக்கு, தாடை, தொண்டை ஆகிய இடங்களில் வளர்ந்த புற்றுக்கட்டியை அகற்றும்போது, கட்டியோடு அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஒரு பகுதியைச் சேர்த்தே வெட்டியெடுக்கிறார்கள். அதனால் உண்டாகும் பள்ளத்தை மூடுவதற்கு முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலும் கொழுப்பும், சில வேளைகளில் முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவும் எடுக்கப்படுகின்றன. அறுவை மருத்துவர்கள் ‘ஃப்ளாப்’ என்று அழைக்கும் இந்தத் திசு, தனக்குரிய தமனியோடும் சிரையோடும் பிரித்தெடுக்கப்பட்டு, கழுத்தில் உள்ள இரத்தக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்து இணைக்கப்படுகிறது. மிகச் சிறிய இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் உதவியோடு தைக்க முடியும் என்று ஜேகப்சனும் சுவாரெஸும் 1960இல் காட்டியதிலிருந்து வளர்ந்த கலை இது.

இந்த அறுவையில் ஓர் இடைவேளை உண்டு. பழைய இடத்தில் இரத்தக் குழாய் அறுக்கப்பட்ட பிறகும் புதிய இடத்தில் இரத்தம் மீண்டும் பாயத் தொடங்கும் முன்பும், அந்தத் திசு உடலின் இரத்த ஓட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனித்திருக்கிறது. தோல் இந்த நிலையைச் சில மணி நேரம் தாங்கும்; தசை அவ்வளவு நேரம் தாங்காது. இவ்வளவு காலமும் கூடியவரை சுருக்க வேண்டிய ஆபத்தான நேரமாக மட்டுமே பார்க்கப்பட்ட இந்த இடைவேளையை, மரபணு சிகிச்சைக்குரிய, அதாவது நோயை எதிர்க்கும் மரபணுவைத் திசுவின் உயிரணுக்களுக்குள் சேர்ப்பதற்குரிய நேரமாகவும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் என்னை மிகவும் ஈர்க்கிறது. மரபணுவைச் சுமக்கும் வைரஸைத் தமனி வழியாகச் செலுத்தி, சிறிது நேரம் உள்ளேயே தங்கவிட்டு, எஞ்சியதைக் கழுவி வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே திசுவை உடலோடு இணைக்கலாம்.

இது எவ்வளவு பெரிய வசதி என்பதை உணர, வைரஸை நேரடியாக இரத்தத்தில் செலுத்தினால் நேர்வதை நினைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய சிகிச்சையில் மரபணுவைச் சுமக்கப் பயன்படும் அடினோ வைரஸ், இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களில் ஒன்றான ‘காரணி பத்து’ என்பதோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் கல்லீரலைச் சென்றடைகிறது. 1999இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வில், கல்லீரல் தமனி வழியாக அடினோ வைரஸ் செலுத்தப்பட்ட பதினெட்டு வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் சில நாட்களில் இறந்தார். புற்றுக்கு எதிராக நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டும் இன்டர்லூகின்-12 என்ற புரதத்தை உடல் முழுவதும் பரவும்படி கொடுத்தபோதும் 1990களில் உயிரிழப்புகள் நேர்ந்தன. மருந்தின் ஆற்றலைப் பற்றி ஐயம் இருக்கவில்லை. அது போகக் கூடாத இடங்களுக்கும் போனதே துயரம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜெஃப்ரி கர்ட்னரின் குழு 2006இல் இந்த வழிமுறைக்கு ‘உயிரியல் பிராக்கிதெரபி’ என்று பெயரிட்டது. கதிரியக்க மூலத்தைக் கட்டியின் அருகிலேயே வைப்பது பிராக்கிதெரபி. இங்கே அந்த மூலத்தின் இடத்தில் உயிருள்ள திசு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே குழு, புற்றுக்கு எதிரான எதிர்ப்பாற்றலை ஃப்ளாப்பின் வழியே அந்த இடத்தில் மட்டும் தூண்டி, உடல் முழுவதுக்குமான நச்சு விளைவை மிகவும் குறைக்க முடியும் என்று விலங்குகளில் காட்டியது.

லண்டனில் புற்றுநோய் மருத்துவர் கெவின் ஹாரிங்டனும் அறுவை மருத்துவர் பால் ஹாரிஸும் பங்கேற்ற குழு எலிகளில் வேறொரு வழியைச் சோதித்து, 2015இல் வெளியிட்டது. ஹெர்ப்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதிக்குரிய மரபணுவை ஃப்ளாப்பில் சேர்த்துவிட்டு, பிறகு கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால், அந்த நொதி இருக்கும் உயிரணுக்களில் மட்டும் அந்த மருந்து நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சு அணுக்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இணைப்புகள் வழியாக அண்டை அணுக்களுக்கும் கடக்கக்கூடியது; பிளவுபடும் அணுக்களையே முதன்மையாகத் தாக்குவதால், அமைதியாக இருக்கும் ஃப்ளாப்பின் அணுக்களைவிடப் புற்றணுக்களுக்கே அதிகம் கேடு விளைவிக்கும். இதில் உள்ள நுட்பம் வியப்புக்குரியது என்றாலும், அணுவும் அணுவும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்தக் கடத்தல் நிகழும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தமனி வழியாகச் செல்லும் வைரஸ் முதலில் சந்திப்பது இரத்தக் குழாய்களின் உட்சுவரை. புற்றணு எஞ்சியிருக்கக்கூடிய இடமோ ஃப்ளாப்பும் பள்ளத்தின் சுவரும் சந்திக்கும் எல்லை. ஆகவே தமனி வழியைத் தேர்ந்தால், அணுவிலிருந்து வெளியே சுரந்து பரவக்கூடிய புரதத்தைத் தேர்வதும், நொதியைப் பயன்படுத்துவதானால் ஃப்ளாப்பின் அடிப்பரப்பில் நேரடியாக ஊசியால் செலுத்துவதும் பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

அடினோ வைரஸ் தன் மரபணுவை நம் குரோமோசோமில் நிலையாகச் சேர்ப்பதில்லை. அதன் விளைவு பெரும்பாலும் சில வாரங்களில் மங்கிவிடும். பிறவி நோய்களுக்கு இது பெருங்குறை. புற்று அறுவைக்குப் பிந்தைய காலத்துக்கோ, காயம் ஆறிக் கதிர்வீச்சு தொடங்கும் வரையிலான வாரங்களுக்கு ஒரு பாதுகாப்பு போதும் என்பதால், அதே குறை ஏறத்தாழ விரும்பத்தக்க பண்பாகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: நம்மில் பலரின் இரத்தத்தில் அடினோ வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, இரத்தம் கழுவப்பட்ட ஃப்ளாப்பில், வைரஸ் அணுக்களுக்குள் நுழையும் அந்த நேரத்தில் அவற்றின் இடையூறு குறைகிறது. இணைப்புக்குப் பிறகு எதிர்ப்பு அணுக்கள் வந்து வைரஸ் நுழைந்த அணுக்களைத் தேடிக் கொல்வதை மட்டும் தவிர்க்க முடியாது.

ஃப்ளாப் நன்றாகப் பிழைக்க வேண்டும் என்பதற்காக இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களைச் சேர்க்கும் யோசனையும் ஆய்வுகளில் உண்டு. விபத்துக் காயங்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். புற்றணு ஒன்றேனும் எஞ்சியிருக்கக்கூடிய பள்ளத்தில் அதைச் செய்யவே கூடாது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

எலியின் மெல்லிய ஃப்ளாப்பிலிருந்து மனிதனின் தடித்த திசுவுக்கு வருவதற்குள் வைரஸின் அளவும், அது உள்ளே தங்கும் நேரமும், கழுவிய பிறகு எஞ்சுவதும் கவனமாக அளக்கப்பட வேண்டும். அந்த ஆய்வுகள் முடியும் நாளில், முழு அளவுக் கதிர்வீச்சை ஏற்கெனவே பெற்று, அதே இடத்தில் கட்டி மீண்டும் வந்து, அறுவையைத் தவிர வேறு வழி அதிகம் இல்லாதவர்களிடம் இது முதலில் முயலப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். கதிர்வீச்சில் நலிந்த பள்ளத்தை மூட அவர்களில் பலருக்கு எப்படியும் ஒரு ஃப்ளாப் தேவைப்படும். இரண்டாம் முறை கதிர்வீச்சை அவர்களுடைய திசுக்கள் எளிதில் தாங்குவதில்லை.