இரவு வேலையும் களவு ரேடியோவும்

1991 மார்கழியில் லண்டன் வந்தேன். வோல்தம்ஸ்ரோவில் ஒரு அறையில் ஐந்து பேர். மூன்றாம் கிழமையே ஹக்னிப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் வேலை கிடைத்தது, இரவு பத்து முதல் காலை ஆறு வரை. கண்ணாடிக்குப் பின்னால் நான், ஒரு ஹீட்டர், எனக்கு முன் அங்கே நின்ற அண்ணை விட்டுப்போன ரேடியோ.

ரேடியோவின் அருமை எனக்குத் தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோக் கரண்டில்தான் செய்தி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் குரலும் தேயும்.

ஒரு சனி இரவு ரேடியோ முள்ளைத் திருப்பும்போது அந்தச் சத்தம் பிடிபட்டது. ஓடுகிற வேகத்தில் மேளம், அடியில் வயிற்றைத் தொடும் பேஸ், நடுவில் ஒருவர் விடாமல் ஆட்களின் பெயர்களைக் கூப்பிடுகிறார். பாதி ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் நித்திரை பறந்துவிட்டது.

அது அனுமதி இல்லாத வானொலி. அந்தக் காலத்தில் கிழக்கு லண்டனின் மாடிக் கட்டடக் கூரைகளில் வார இறுதிகளில் இப்படி ஏரியல்கள் முளைக்கும். 1991இல் தொடங்கிய கூல் எஃப்எம் பெயர்பெற்றது; நான் கேட்டது அதைவிடச் சிறியது. ஸ்டுடியோ ஒரு வீட்டில் இருக்கும், டிரான்ஸ்மிட்டர் வேறொரு கூரையில் இருக்கும். அதிகாரிகள் வந்தால் டிரான்ஸ்மிட்டர் போகும், ஆட்கள் தப்புவார்கள். பிறகு புதிதாக ஒன்றைப் பூட்டுவார்கள்.

மாசி மாதம் ஒரு கறுப்பின இளைஞர் சிகரெட் வாங்க வந்தார். கையில் கனமான பெட்டி. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ரேடியோவைக் கேட்டு அப்படியே நின்றார். "இது எங்கள் ஸ்டேஷன்" என்றார். அடுத்த மணி நேரம் வாசிக்கப் போகிறவர் அவர்தான். பெட்டிக்குள் இசைத்தட்டுகள். என் பெயரைக் கேட்டார், சிகரெட் பெட்டியின் மேல் எழுதிக்கொண்டார்.

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர் அவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். தகப்பன் விழாக்களுக்குப் பெரிய ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவராம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர்களைப் பற்றி நான் சொன்னேன். பனைமரத்தில் குழாய் கட்டுவதை அவர் மூன்று தரம் கேட்டார்.

அவர் வீட்டில் இரண்டு டெக்னிக்ஸ் 1200 இருந்தன, இசைத்தட்டு சுழற்றும் மெஷின்கள். ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்க, மற்றத் தட்டை ஹெட்ஃபோனில் ஒரு காதால் மட்டும் கேட்டு, பக்கத்திலுள்ள வேகக்கட்டையை நகர்த்தி இரண்டு அடியையும் ஒன்றாக்க வேண்டும். கட்டை கூட்டவோ குறைக்கவோ விடுவது எட்டு சதவீதம்தான். மீதி விரல் நுனியில். எனக்கு அது கைவர இரண்டு வருடம் எடுத்தது. இரண்டு தவில்காரர் முகம் பார்த்துக் காலம் பிடிப்பதை நினைத்துக்கொண்டபோதுதான் பிடிபட்டது.

அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மேளத்துண்டு உண்டு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு தட்டின் பின்பக்கத்தில் பதிந்த 'ஆமென் பிரதர்', அதில் கிரெகரி கோல்மன் வாசித்த நாலே வட்டம். ஆறேழு செக்கன்தான் வரும். அதை வெட்டி, வேகமாக்கி, ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். கோல்மனுக்கு ஒரு சதமும் வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாமல் இறந்தார். 2015இல் ரசிகர்கள் சேர்த்த 24,000 பவுண்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் காசு போட்டோம். கடன் என்றுதான் என் சிநேகிதர் சொன்னார்.

1992 வைகாசியில் காசில்மோர்டன் என்ற மேய்ச்சல் நிலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடி இந்த மாதிரி இசைக்கு நாள்கணக்காக ஆடினார்கள். அதன் பிறகு 1994இல் வந்த சட்டம், ரேவ் என்று வெளியில் இரவில் கூடும் ஆட்டக் கூட்டங்களை நிறுத்தப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தது. இசை என்றால் என்னவென்றும் எழுதினார்கள்: தொடர்ந்து திரும்பத் திரும்ப வரும் அடிகளும் அதற்குள் அடங்குமாம். அதை வாசித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. கூடுவதற்குத் தடை என்ன என்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவன் நான்.

1993க்குப் பிறகு இசை ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று புது வகைகளாகப் பிரிந்து போனது. கூட வாசித்தவர்களும் போனார்கள். என் சிநேகிதர் போகவில்லை. 1989 முதல் 1993 வரை, அந்த ஐந்து வருடத் தட்டுகளைத்தான் முப்பது வருடமாகத் துடைத்து, உறை மாற்றி, வாசிக்கிறார். பகலில் பஸ் ஓட்டினார், இரவில் வாசித்தார். தட்டை விற்கச் சொல்லி ஆட்கள் கேட்டு வந்தார்கள். வாடகை முட்டிய மாதத்தில்கூட விற்கவில்லை.

போன வருடம் வீடு மாறும்போது என்னிடம் ஒரு கசெட் அகப்பட்டது. 1992இல் செட்டில் இருந்து பதிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பழைய நிகழ்ச்சி ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. சமையலறையில் இருந்து கேட்டோம். இருபது நிமிடம் போனபின், பாட்டின் நடுவே, பெற்றோல் செட்டில் விழித்திருக்கும் சிநேகிதனுக்கு என்று சொல்லி என் பெயரைச் சொன்னார். பிழையாகச் சொன்னார். பிறகு நிறுத்தி, சிகரெட் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும், மெதுவாக, சரியாக ஒரு தரம் சொன்னார்.