'பிறப்புச் சான்றிதழ்' என்று கேட்டுவிடாதீர்கள்: ஜெர்மன் குடியுரிமை மீட்பில் பட்ட பாடு

நாஜிகள் பறித்த குடியுரிமையை வாரிசுகள் திரும்பப் பெற, ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 116(2) பிரிவில் போடும் விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. படிவம் ஒரு மாலை வேலை. உயிரை வாங்குவது பழைய காகிதங்கள்தான்.

எங்கள் கேஸ்: மனைவியின் தாத்தா, யூதர். 1924-ல் பெர்லினில் பிறந்தவர். 1939-ல், யூதப் பிள்ளைகளைப் பிரிட்டனுக்குத் தப்புவித்த கிண்டர்டிரான்ஸ்போர்ட் ரயிலில் லண்டன். 1947-ல் பிரிட்டிஷ் குடிமகன்.

பிறப்புப் பதிவைக் கேட்டு முதலில் பெர்லின் மாநில ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். வீண். பிறப்புப் பதிவு 110 ஆண்டும் திருமணப் பதிவு 80 ஆண்டும் கடந்தால்தான் அங்கே போகும். 1924 இன்னும் ஸ்டாண்டஸாம்ட் எனும் பதிவு அலுவலகத்தில்தான். அவர்கள் நேரடி வாரிசுக்கே தருவார்கள். இடையிலுள்ள ஒவ்வொரு தலைமுறையின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்தே அனுப்புங்கள்.

அங்கிருந்து வந்தது பளபளவென்று புதிதாக அச்சடித்த சான்றிதழ். அதுவும் வீண்! வேண்டியது மூலப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றளித்த நகல். அந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான், 1938 ஆகஸ்ட் ஆணைப்படி யூதர் என்பதால் 'இஸ்ரேல்' என்ற கூடுதல் பெயரைச் சுமத்திய குறிப்பும், போருக்குப் பின் அதை ரத்து செய்த குறிப்பும் மையில் இருக்கின்றன. யூதர் என்பதற்காகத் துன்புறுத்தப்பட்டார் என்று காட்ட இதைவிட என்ன வேண்டும்? புதுச் சான்றிதழில் அது வராது. கேட்டதற்கு, "நீங்கள் பிறப்புச் சான்றிதழ்தானே கேட்டீர்கள்?" என்று பதில். கடுப்பாக இருந்தாலும், எங்கள் கடிதத்தில் அந்தச் சொல்தான் இருந்தது. மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

அடுத்த சிக்கல் பெரிது. பெர்லினில் பிறந்தவரெல்லாம் ஜெர்மன் குடிமக்கள் அல்ல; குடியுரிமை தந்தை வழி. அங்கேயே பிறந்து வளர்ந்தும் காகிதத்தில் போலந்துக்காரர்களாக இருந்தவர்கள் ஏராளம். 1938 அக்டோபரில் சுமார் 17,000 பேரைப் போலந்து எல்லைக்குத் துரத்தியது அந்தக் காகிதத்தை வைத்துத்தான். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் 116(2) இல்லை. குடியுரிமைச் சட்டத்தில் 2021-ல் வந்த 15-ம் பிரிவைப் பாருங்கள். 1941 நவம்பர் 25-ல் வெளிநாட்டிலிருந்த யூதர்களின் குடியுரிமை மொத்தமாகப் பறிபோனது. அதற்கு முன்பே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் 15-தான்.

கிண்டர்டிரான்ஸ்போர்ட் பிள்ளைகள் பலர் பாஸ்போர்ட் இல்லாமல், பிரிட்டன் ஏற்ற ஓர் அடையாளத் தாளோடு வந்தவர்கள். ஆகவே தாத்தாவின் அப்பா ஜெர்மன் குடிமகன் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியிருந்தது. கைகொடுத்தது, 1950-களில் குடும்பம் இழப்பீடு கேட்ட கோப்பு. பெர்லின் இழப்பீட்டு அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. உள்ளே, யூதர் என்று குறிக்கும் சிவப்பு 'ஜே' முத்திரையோடு அவருடைய ஜெர்மன் பாஸ்போர்ட் நகல். இந்தக் கோப்பை முதலிலேயே கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

மற்றவை சுலபம். பிரிட்டிஷ் குடியுரிமைச் சான்றின் நகல் லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். லண்டனில் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பத்திரமும் வேண்டும். ஆங்கில ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. மூலத்தை அனுப்பாதீர்கள், சான்றளித்த நகல் போதும்.

விண்ணப்பத்தை முடிவு செய்யும் கொலோன் கூட்டாட்சி நிர்வாக அலுவலகத்திலிருந்து கோப்பு எண் வந்துவிட்டது. முடிவுக்கு இரண்டு வருடமாவது ஆகும் என்கிறார்கள். ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைக்காது; ஒவ்வொருவருக்கும் தனிப் படிவத்தை இதே உறையில் வைத்துவிடுங்கள்.