கழித்துப் பாருங்கள், பிறகு வகுத்துப் பாருங்கள்

சார்பு ஒரு பாடம், நேரியல் சமன்பாடு இன்னொரு பாடம், அடுக்குக்குறி வரைபடம் வேறொரு பாடம் என்று பிரித்துப் படிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பின்னவை இரண்டும் சார்பைச் சேர்ந்தவைதான். எக்ஸ் ஒரு படி ஏறும்போது ஒய்யுடன் ஒரே எண் கூடுகிறதா, ஒரே எண்ணால் ஒய் பெருகுகிறதா? கூடினால் நேரியல், பெருகினால் அடுக்குக்குறி. வேறுபாடு அவ்வளவே.

முதலில் சார்பு. ஓர் எக்ஸுக்கு ஒரே ஓர் ஒய்தான் இருக்க வேண்டும். இரண்டு எக்ஸுக்கு ஒரே ஒய் வந்தால் தவறில்லை. 3-இன் வர்க்கமும் −3-இன் வர்க்கமும் 9 தானே. குத்துக்கோடு ஒன்று வரைபடத்தை எங்காவது இரண்டு புள்ளிகளில் வெட்டினால் அது சார்பு அல்ல. வட்டம் இதில்தான் அடிபடுகிறது. எக்ஸ் = 4 என்பது நேர்க்கோடுதான், ஆனால் அதுவே குத்துக்கோடு என்பதால் சார்பு அல்ல. சார்பை எஃப் என்று குறித்தால், எஃப்(3) என்பதைப் பெருக்கலாகப் படிக்கக் கூடாது. எக்ஸ் இருக்கும் இடத்தில் 3-ஐப் போடு என்று பொருள்.

இனி அட்டவணை. எக்ஸ் 0, 1, 2, 3 எனப் போக, ஒய் 7, 10, 13, 16 என வந்தால் அடுத்தடுத்த வித்தியாசம் எப்போதும் 3. அதுவே சாய்வு, எக்ஸ் 0 ஆகும்போது கிடைத்த 7 வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். ஆக, ஒய் = 3எக்ஸ் + 7. அதே இடத்தில் 3, 6, 12, 24 வந்தால் வித்தியாசம் மாறிக்கொண்டே போகிறது, விகிதம் 2 மாறவில்லை. ஒய் = 3 × 2ˣ. இதை 6ˣ என்று சுருக்கிவிடுபவர்கள் நிறைய. எக்ஸ் = 2 போட்டுப் பார்த்தால் ஒன்று 12, மற்றொன்று 36.

ஆனால் எக்ஸ் சம இடைவெளியில் போகிறதா என்று பார்க்காமல் கழிக்கவே கூடாது. எக்ஸ் 0, 1, 3, 4. ஒய் 2, 5, 11, 14. வித்தியாசம் 3, 6, 3 என்று வருவதால் இது நேர்க்கோடு இல்லை என்று தோன்றும். ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்தால் மூன்று இடத்திலும் 3. நேர்க்கோடேதான்!

இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து எந்த வகை என்று முடிவுகட்டவும் முடியாது. (2, 12), (5, 96) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். நேர்க்கோடு என்றால் சாய்வு 84 ÷ 3 = 28, சமன்பாடு ஒய் = 28எக்ஸ் − 44. அடுக்குக்குறி என்றால் 96 ÷ 12 = 8. பலரும் இந்த 8-ஐயே அடிமானமாக, அதாவது ஒவ்வொரு படியிலும் பெருக்கும் எண்ணாக, எழுதிவிடுகிறார்கள். 2-லிருந்து 5-க்கு மூன்று படிகள். மூன்று முறை பெருக்கித்தான் 8 வந்திருக்கிறது. எனவே கனமூலம் எடுக்க வேண்டும்: அடிமானம் 2. எக்ஸ் = 2-இல் 2² = 4 என்பதால் தொடக்க மதிப்பு 12 ÷ 4 = 3, சமன்பாடு ஒய் = 3 × 2ˣ. அந்த இரு புள்ளிகளிலும் இரண்டு சமன்பாடுகளும் ஒத்துப்போகும். எக்ஸ் = 3-இல் நேர்க்கோடு 40, வளைவு 24. எக்ஸ் = 8-க்குப் போனால் 180 எங்கே, 768 எங்கே! மூன்றாவது புள்ளி கேட்பது இதற்காகத்தான்.

சதவீதக் கணக்குகளில் பெருக்கும் எண்ணைத் தவறாக எடுப்பதும் வழக்கம். 5% வளர்ச்சிக்கு 1.05, 20% குறைவுக்கு 0.8. 20% ஏறி 20% இறங்கினால் பழைய இடத்துக்கு வராது, 1.2 × 0.8 = 0.96.

அடுக்குக்குறி வளைவை வரையும்போது எக்ஸை −3 முதல் 3 வரை எடுத்தால் போதும். 2ˣ-க்கு 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8 கிடைக்கும். அடுக்கு குறை எண்ணானாலும் விடை குறை எண்ணாகாது. ஓர் அலகுக்கு 1 செ.மீ. வைத்தால் 1/8 என்பது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பென்சில் கோடு அச்சோடு ஒட்டியதுபோல் தெரியும். உண்மையில் வளைவு எக்ஸ் அச்சைத் தொடுவதே இல்லை. அங்கே பென்சிலை நன்றாகக் கூர்மையாக்கிக்கொண்டு, அச்சுக்கு மேலே மெல்லிய இடைவெளி தெரியும்படி வரையுங்கள். புள்ளிகளை அளவுகோலால் இணைக்காதீர்கள். எக்ஸ் = 10 வரை போக ஆசைப்பட்டால் ஒய் 1024; இதே அளவுத்திட்டத்தில் 10 மீட்டருக்கு மேல் உயரமான தாள் வேண்டும். அப்போது ஒய் அச்சுக்கு மட்டும் 1 செ.மீ. = 100 என்று மாற்றி, அதைத் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள்.