டிஷ்யூ பிராசஸரில் வெள்ளைப் படிவு: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள், கடலூர்

திசு மாதிரிகளை இரவு முழுவதும் ஃபார்மலின், ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று வரிசையாக ஊறவைக்கும் இயந்திரம் டிஷ்யூ பிராசஸர். காலையில் அதன் ரிட்டார்ட்டை, அதாவது திசுக்கள் ஊறும் கலனைத் திறந்து, திசு வைக்கும் சிறு பெட்டிகளான கேசட்டுகளின் கூடையை எடுத்தபோது, அடியிலுள்ள வடிகால் துளையைச் சுற்றி வெண்மையான படிவு தெரிந்தது. கையுறை விரலால் தேய்த்தபோது, மெழுகைப் போல வழுக்காமல் நறநறவென்று இருந்தது. சைலீனில் நனைத்த துணியால் துடைத்ததில் மேலே ஒட்டியிருந்த மெழுகு போயிற்று, வெண்மை அசையவில்லை. ஃபார்மலினை வெளியேற்ற இயந்திரம் சில நாட்களாக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

"மேடம், கிளீனிங் சைக்கிளை இன்னொரு தடவை ஓட்டிவிடட்டுமா?" என்று இளைய டெக்னீஷியன் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சுழற்சியில் மெழுகைக் கரைக்கச் சைலீனும், சைலீனை அகற்ற ஆல்கஹாலும் மட்டுமே செல்கின்றன. படிந்திருப்பது உப்பாக இருந்தால் இரண்டுமே அதைக் கரைக்கா. என்னவென்று தெரியாத படிவின் மேல் கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

பிப்ரவரி 4, செவ்வாய்

படிவைச் சிறிது சுரண்டியெடுத்து, ஒட்டியிருக்கும் ஃபார்மலின் போகும்படி ஆல்கஹாலால் கழுவி, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் இட்டேன், பெரும்பகுதி கரைந்துவிட்டது. திசுவில் கால்சியப் படிவைக் காட்டும் வான் கோசா சாயத்துக்காக வைத்திருக்கும் சில்வர் நைட்ரேட்டில் ஒரு துளி விட்டவுடன் கரைசல் மஞ்சளாகக் கலங்கியது. நைட்ரிக் அமிலம் சேர்த்ததும் அந்த மஞ்சள் மறைந்து தெளிந்தது. குளோரைடாக இருந்திருந்தால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றி, அமிலத்திலும் கரையாமல் நின்றிருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் எங்காவது கலந்துவிட்டதோ என்ற என் முதல் ஐயம் இதனால் நீங்கியது. இது பாஸ்பேட்.

பாஸ்பேட் வரும் வழியும் தெளிவானது. நடுநிலைத் தாங்கல் ஃபார்மலின், அதாவது அமிலமாகாமல் உப்புகளால் காக்கப்படும் ஃபார்மலின், ஒரு லிட்டர் தயாரிக்க, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராமும் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராமும் சேர்க்கிறோம். நீரில் நன்றாகக் கரைந்து நிற்கும் இவ்வுப்புகள், 70 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலைச் சந்தித்தவுடன் கரைசலை விட்டு வெளியேறிப் படிகங்களாகின்றன. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையில் ஃபார்மலினுக்கு அடுத்த ஆல்கஹால் 90 சதவீதம் என்று இருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்த எப்போதோ யாரோ அப்படி அமைத்திருக்கிறார்கள். திசுவிலும் கலனின் சுவரிலும் மிஞ்சிய ஃபார்மலின் ஒவ்வோர் இரவும் அதில் கலந்து, வால்விலும் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை விட்டுச் சென்றிருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

தாங்கல் உப்பையே விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் உறுதியாக மறுத்தேன். தாங்கல் இல்லாத ஃபார்மலின் நாளடைவில் ஃபார்மிக் அமிலத்தால் புளித்து, இரத்தம் மிகுந்த திசுக்களில் ஹீமோகுளோபினுடன் வினைபுரிந்து பழுப்புக் கருமை நிறமியை உண்டாக்கும். நுண்ணோக்கியில் அதைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தொல்லை. மாற்ற வேண்டியது ஃபார்மலினை அல்ல, அதற்கடுத்த ஆல்கஹாலை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. ஊரில் பலர் ஜோதி தரிசனத்துக்கு வடலூர் போயிருக்க, மாதிரிகள் எதுவும் வராததால் இயந்திரம் ஓய்வாக இருந்தது. முதலில் சைலீன், பிறகு ஆல்கஹால், அதன் பின்னரே வெதுவெதுப்பான நீர் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டோம். மெழுகுப் பூச்சு இருக்கும்வரை நீர் உப்பைத் தொடாது. சைலீனும் நீரும் ஒன்றோடொன்று கலவா. கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தினோம். இவ்வூர்க் கடின நீரிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்தால், நீரிலும் கரையாத கால்சியம் பாஸ்பேட் உருவாகிவிடும்.

வடிகாலின் சல்லடையைக் கழற்றி நீரில் ஊறவைத்தபோது, கண்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைந்திருந்தது தெரிந்தது. நடு இரவில் அது முழுவதும் அடைத்திருந்தால் திசுக்கள் தவறான திரவத்திலேயே விடியும்வரை கிடந்திருக்கும். சில கேசட்டுகளில் இருப்பது நூலளவு ஊசித் திசு. அதற்காக நோயாளியை மீண்டும் அழைத்துத் துளையிடுவது எளிதன்று. சல்லடை தெளிவானபின், மிஞ்சிய நீரை அகற்ற இறுதியாகப் புதிய ஆல்கஹாலை ஓட்டினோம்.

பிப்ரவரி 17, திங்கள்

அட்டவணையை மாற்றியாயிற்று. முதல் ஆல்கஹால் இனி 70 சதவீதம். அதைப் பிற ஆல்கஹால்களுக்கு முன்னதாகவே மாற்றிவிடுவோம். வாரத்துக்கொரு முறை வெந்நீர்க் கழுவலும் உண்டு. இன்று கலனின் அடி பளிச்சென்று இருந்தது, ஃபார்மலினும் தடையின்றி வடிந்தது. ஒரு வால்வில் மட்டும் சிறு கசிவு இன்னும் இருக்கிறது. படிகம் உராய்ந்து அதன் ரப்பர் வளையம் தேய்ந்திருக்க வேண்டும். மாற்று வளையம் கேட்டு எழுதியிருக்கிறேன்.