மண்டபத்துக்குப் போனது படகு மீட்டர் மாற்ற

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊருக்குப் போவது எப்படி, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள், வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன், முதலில் அந்த ஆட்டோவைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வடகடல் (பாக் விரிகுடா) கரைக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. 250 ரூபாய்! கையிலிருந்த டூல்ஸ் பெட்டியைக் காட்டி, "லக்கேஜ் இருக்குல்ல சார்" என்றார் ஆட்டோக்காரர். கெஞ்சி 200. திரும்பும்போது நடந்தே வந்துவிட்டேன், நீங்களும் நடங்கள். மதுரையிலிருந்து வந்த பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். பரமக்குடி தாண்டியதும் முன்சீட்டின் முதுகு கழன்று என் மடிக்கு வந்தது, ராமநாதபுரம் வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

போன காரணம், மனைவியின் தம்பி வாங்கிய பழைய ஃபைபர் படகு. பின்னால் மாட்டிய எஞ்சின் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. எல்லாம் நன்றாக ஓடுகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரின் முள் மட்டும் சாமி வந்த மாதிரி ஆடும். "காதுலயே தெரியுமே மச்சான், மீட்டர் எதுக்கு?" என்றான். முழு த்ராட்டிலில், அதாவது முழு வேகம் கொடுத்தால், 5000 தொட வேண்டிய எஞ்சின், புரொப்பெல்லர் கனமாக இருந்தால் 4000-லேயே முக்கிக்கொண்டு கிடக்கும். இதைக் காது சொல்லாது மாப்ள.

எஞ்சின் தரும் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர் கெட்டாலும் முள் கோளாறு செய்யும். அதனால் புதுசு வாங்கும் முன்பே, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். 14 ஏறியது. ரெக்டிஃபையர் நன்றாக இருக்கிறது, கெட்டது மீட்டர்தான். ஆன்லைனில் 3400 ரூபாய், என் காசு, இன்னும் திரும்பவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பழையதை இழுத்தால், பின்னால் இருந்த நட்டெல்லாம் பச்சைக் களிம்பு. ஒன்று ஸ்பேனர் பட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பழைய 85 மில்லிமீட்டர் ஓட்டையிலேயே புதுசு கச்சிதமாக உட்கார்ந்தது. மஞ்சள் வயர் சாவி போட்டால் வரும் கரண்ட், கறுப்பு எர்த், பச்சை எஞ்சினிலிருந்து வரும் துடிப்பு. சில கம்பெனிகளில் அந்தத் துடிப்பு வயர் சாம்பல் நிறம்.

ஸ்டார்ட் செய்தோம். ஐடிலிங்கிலேயே 1700! மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வேறொன்றுமில்லை, மீட்டரின் முதுகில் ஒரு குட்டித் திருகு உண்டு, எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் எத்தனை போல் (காந்த முனை) என்று அதில் வைக்க வேண்டும். எஞ்சின் 12 போல், நான் வைத்தது 6. அதனால்தான் இரட்டிப்பு. திருப்பினேன், 850-ல் நின்றது.

அப்புறம் சாப்பாடு. கரையோரம் ஓலைக் கொட்டகை, பெயர்ப்பலகைகூட இல்லை. விளமீன் குழம்பு, புளி தூக்கலாக, மேலே தேங்காயெண்ணெய் மிதக்க. 120 ரூபாய்க்கு மூன்று தடவை சோறு. ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னொருவரும் வயிறார உண்டிருப்பார். கணவாய் வறுவல் தனிக்காசு. யோசிக்காதீர்கள், வாங்குங்கள்.

ஆகஸ்டில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தென்கடலை (மன்னார் வளைகுடா) புரட்டிப் போடும், அதனால் வடகடலிலேயே ஓட்டிப் பார்த்தோம். பாம்பன் புதுப் பாலம் தெரியும் தூரத்தில் முழு த்ராட்டில்: 5100. முள் அசையவில்லை. மாப்பிள்ளை பாலத்தைப் பார்க்கவேயில்லை, மீட்டரைத்தான் பார்த்தான்.

எங்கே தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான் படகிலேயே தார்ப்பாய் விரித்துப் படுத்தேன். செலவு இல்லை. கொசு உண்டு.