முப்பது யோசனையில் முதல் மூன்றைத் தேர்வது எப்படி

வேலைத்தலத்தில் சுற்றாடலுக்கு என்ன செய்யலாம் என்று ஊழியரிடம் கேட்டால் ஒரு கிழமைக்குள் முப்பது யோசனை சேர்ந்துவிடும். கூரையில் சோலர், மழைநீர்த் தாங்கி, பொலித்தீன் குறைப்பு, மரநடுகை, ஏசியை 26 பாகையில் வைப்பது. எல்லாமே நல்லவை. ஆனால் "தண்ணீரை மிச்சம் பிடிக்க வேணும்" என்பதை வைத்துக்கொண்டு நாளைக் காலை யாரும் எந்த வேலையையும் தொடங்க முடியாது. பட்டியல் கூட்டக் குறிப்போடு கோப்புக்குள் போய்விடும். சொன்னவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். சம்மாந்துறையில் அரிசி ஆலை என்றாலும், பாசிக்குடாவில் ஹோட்டல் என்றாலும், மட்டக்களப்பு நகரத்தில் அலுவலகம் என்றாலும் இதுதான் நடக்கிறது.

முதலில் யாரிடம் கேட்கிறோம் என்பதைச் சரிசெய்ய வேண்டும். வட்ஸ்அப் குழுவில் கேட்டால் மேசையில் இருப்பவர்கள்தான் எழுதுவார்கள். ஆள் இல்லாத நேரத்திலும் தண்ணீர் மோட்டர் தானாக ஓடுவது இரவுக் காவலாளிக்குத்தான் தெரியும். எந்தக் கொமட் தாங்கி ஓயாமல் ஒழுகுகிறது என்பது துப்புரவு செய்யும் அக்காவுக்குத் தெரியும். கொதிகலனுக்கு உமி அள்ளிப் போடுபவரைக் கேட்டால் எந்த வால்வில் நீராவி வீணாகிறது என்று கைகாட்டுவார். இவர்களிடம் படிவம் நீட்டக் கூடாது. மேற்பார்வையாளர் வேலை நடக்கும் இடத்துக்கே போய்க் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அம்பாறையில் தமிழ் பேசுபவரும் சிங்களம் பேசுபவரும் ஒரே ஷிப்டில் நிற்கும் இடங்கள் உண்டு. இரண்டு மொழியிலும் கேட்க ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைத்தால் ஜும்மாவுக்குப் போகிறவர்களின் யோசனை விடுபட்டுப் போகும்.

வந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று விடயம் எழுதுங்கள்: எந்த இடம், இப்போது எவ்வளவு வீணாகிறது, அந்தப் பொருளைத் தினமும் கையாள்பவர் யார். இரண்டாவதுதான் கஷ்டம். பலரும் அதை ஊகத்தில் எழுதிவிடுகிறார்கள். பிறகு வரிசைப்படுத்தும்போது குரல் பெரியவரின் யோசனை மேலே வந்துவிடும்.

அளப்பது அவ்வளவு சிரமமான வேலை இல்லை. கறுத்த அரிசியைக் காற்றால் தள்ளிப் பிரிக்கும் கலர் சோட்டர் மெஷின் வைத்திருக்கும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷினுக்குக் காற்றழுத்தம் தேவை, அதற்காகக் கொம்பிரசர் நாள் முழுக்க ஓடும். வேலை முடிந்து, காற்றைப் பாவிக்கும் மெஷின் எல்லாம் நின்ற பிறகு கொம்பிரசரை மட்டும் போட்டுவிடுங்கள். காற்றுத் தாங்கி நிரம்பியதும் அது காற்று அமுக்குவதை நிறுத்தும். காற்றுக் கசிந்து அழுத்தம் இறங்கியதும் மறுபடி அமுக்கத் தொடங்கும். எவ்வளவு நேரம் அமுக்குகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று போனில் ஐந்தாறு சுற்றுக்கு நேரம் பாருங்கள். 3 நிமிடம் அமுக்கி 7 நிமிடம் சும்மா இருந்தால், பத்தில் மூன்று, அதாவது அந்தக் கொம்பிரசர் தரக்கூடிய காற்றில் 30 வீதம் கசிவாகவே போகிறது. ஒழுங்காகப் பராமரிக்கும் இடத்தில் இது 10 வீதத்துக்குள் நிற்க வேண்டும்.

கசிவைத் தேட ஒரு பிரஷும் சோப்பு நுரையும் போதும். குழாய்க் கிளிப், குயிக் கப்ளர், பில்டர் கிண்ணத்தின் அடி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்கியின் அடியில் உள்ள வடிகால் வால்வு. காற்றிலிருந்து தாங்கிக்குள் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட அலுத்து அதை இலேசாகத் திறந்தபடியே விட்டிருப்பார்கள். கசிவை அடைத்த பிறகு அழுத்தத்தையும் பாருங்கள்: அழுத்தமானியில் 1 பார் (அழுத்த அலகு) குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய 7 வீதம் குறையும். ஆனால் கலர் சோட்டருக்குத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் கறுத்த அரிசி பிரியாமல் நல்ல அரிசியோடு வரும், ஒரே நாளில் எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

கொமட் தாங்கிக்கு இன்னும் எளிது. உள்வரும் குழாயை மூடி, தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு மணித்தியாலம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். 40 சென்ரிமீற்றர் நீளம், 15 சென்ரிமீற்றர் அகலமுள்ள தாங்கியில் 2 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் 1.2 லீற்றர் போயிருக்கிறது. நாளுக்கு 29 லீற்றர் அளவில் வரும். ரப்பர் வாசரை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதை மழைநீர்த் தாங்கி யோசனையோடு வைத்துப் பாருங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்து, 800 லீற்றர் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 40 பேர் கழிவறைக்கு ஆளுக்கு 15 லீற்றர் பாவித்தால் நாளுக்கு 600 லீற்றர். 5,000 லீற்றர்த் தாங்கி எட்டு நாளில் காலி. நம் பக்கம் மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடும், அப்போது கிணறும் நிரம்பித்தான் நிற்கும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் தண்ணீர் தேவைப்படும்போது தாங்கி வெறுமையாக இருக்கும். ஆகவே இதை வாசருக்குப் பின்னால் வைப்பேன். சோலரும் அப்படித்தான்: கசிவையும் விரயத்தையும் நிறுத்திய பிறகு அளவெடுத்தால் சிறிய தொகுதியே போதும்.

பணக் கணக்கை மாதத்தில் எழுதுங்கள். சோக் உட்பட 45 வாற் எடுக்கும் பழைய ரியூப்லைட் 30ஐ 18 வாற் எல்இடிக்கு மாற்றினால் 810 வாற் குறையும். நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 202 யூனிற்றுக்கு மேல். செலவை இந்தச் சேமிப்பால் வகுத்தால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்று வரும்.

சட்டம் ஏற்கெனவே கேட்பவை வரிசைக்குள் வரக்கூடாது. நெல் ஊறவைத்த தண்ணீர் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விழுகிறதென்றால் அது சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரத்துக்குரிய விடயம். வரிசைப்படுத்தாமல் உடனே செய்ய வேண்டும். தடைசெய்யப்பட்ட பொலித்தீன் லஞ்ச் சீற்றும் அப்படியே. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானைகள் அளவில் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சாப்பாடு ஒட்டிய லஞ்ச் சீற்றை யானை சோற்றோடு சேர்த்து விழுங்கும். நமது மதியச் சாப்பாட்டுப் பார்சல் எங்கே போய் முடிகிறது என்பதை ஊழியருக்குச் சொல்ல இதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் பார்சலை நிறுத்துவதென்றால் சாப்பாட்டுப் பெட்டி கழுவ இடம் வேண்டும். ஒரு கைகழுவும் தொட்டியில் 40 பேர் பெட்டி கழுவினால் கறி எண்ணெய் குழாயை அடைக்கும், துப்புரவு செய்பவருக்கு அரை மணித்தியால வேலை கூடும். அந்த அரை மணித்தியாலத்துக்கு நேரமோ சம்பளமோ ஒதுக்காமல் ஒரு யோசனையையும் மேலே ஏற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. குப்பை பிரிப்பதிலும் இதேதான். உக்குவதற்குப் பச்சை, தாளுக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள் என்று வாளி வாங்குமுன் பிரதேச சபையிடம் எந்த நாளில் எதை ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். பிரித்ததெல்லாம் ஒரே உழவு இயந்திரப் பெட்டிக்குள் கொட்டப்படுவதை ஒருமுறை கண்ட ஊழியர் மறுபடி பிரிக்கமாட்டார்.

மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு தொகை. வாசர், கிளிப் போன்ற சின்னச் செலவுக்கு முகாமையாளரின் கையெழுத்துத் தேவையில்லை என்று மேற்பார்வையாளருக்கு ஒரு தொகை வரை அதிகாரம் கொடுங்கள். இல்லாவிட்டால் சில நூறு ரூபாச் சாமான் மாதக்கணக்கில் நிற்கும். எடுக்காத இருபத்தேழுக்கும் இரண்டு கிழமைக்குள் பதில் போக வேண்டும்: "இப்போது முடியாது, காரணம் இது" என்று சொன்னவரிடம் நேரிலேயே. மூன்று மாதம் கழித்து அதே கொம்பிரசர்ச் சோதனையை அதே நேரத்தில் செய்யுங்கள். மெஷின் அதிர்வில் கிளிப்புகள் மறுபடி தளரும், ஆகவே சோப்பு நுரைப் பரிசோதனையைச் சனிக்கிழமைப் பராமரிப்புப் பட்டியலில் எண்ணெய் பார்ப்பதற்கு அடுத்த வரியாகச் சேர்த்துவிடுங்கள்.