பெயர் போய் தொகை மட்டும் மிஞ்சிய மொய்க் கணக்கு

போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. "அவங்க நமக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு பாருப்பா" என்றாள் அம்மா. எங்கள் பக்கம் மொய் என்பது அன்பளிப்பெல்லாம் இல்லை, கடன். 501 வந்திருந்தால் அதற்கு மேல் வைத்துத் திருப்பிச் செய்யவேண்டும், ஒரு ரூபாய் குறைந்தாலும் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு ஓயாது.

அக்கா கல்யாணம் 2014-இல் நடந்தது. மொய் நோட்டு இரண்டையும் அப்போதே எக்செலில் ஏற்றிவிட்டேன். பெயர், ஊர், தொகை, மொத்தம் 638 வரி. பிறகு பரணில் கிடந்த நோட்டுகளைக் கரையான் தின்றபோதுகூட "கம்ப்யூட்டர்ல இருக்கும்மா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான்.

இப்போது அந்த ஃபைல் திறக்கவில்லை. ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது என்று எக்செல் கையை விரித்தது. சரி, வேறு இடத்துக்குக் காப்பி செய்து பார்க்கலாம் என்றால், கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் உறைந்து நின்றுவிட்டு 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று ஒரு எரர் காட்டியது, கூடவே கேபினட்டுக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். அப்போதுதான் கோளாறு எக்செலில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் என்று உறைத்தது. டிஸ்க் தன் இடத்தைச் செக்டர் என்ற சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகவலோடு ஒரு சரிபார்ப்புக் குறியையும் எழுதி வைக்கும், படிக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், அந்த உறைதலும் சத்தமும் அதனால்தான்.

பென் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்று ஓடிப்போய்ச் சொருகினேன். அதில் இருந்தது ஃபைல் இல்லை, டெஸ்க்டாப்பில் இருந்த அதன் ஷார்ட்கட். இத்தனை வருஷமாக ஒரு கேபி ஷார்ட்கட்டைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், உங்கள் பென் டிரைவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கை உடனே செக்டிஸ்க் போடத்தான் போனது, டிஸ்க்கைச் சரிபார்க்க விண்டோஸோடு வரும் கருவி அது. நல்லவேளை, பழைய சூடு ஒன்று ஞாபகத்தில் இருந்தது. முன்பு வேறொரு டிஸ்க்கில் அதை ஓட்டிவிட்டு, ஃபவுண்ட் என்ற ஃபோல்டருக்குள் பெயர் இல்லாத சிஎச்கே ஃபைல்களாக என் போட்டோக்களைத் தேடி அலைந்தவன் நான். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை நேராக்குவது, உங்கள் தகவலைக் காப்பாற்றுவது அதன் கவலையே இல்லை. அதுவும் சாகக் கிடக்கிற டிஸ்க்கில் மேலும் எழுதவிட்டால் மிச்சமும் போய்விடும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 197-ஆம் எண்ணைப் பார்த்தேன், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் கணக்கு அது. பூஜ்யமாக இருக்கவேண்டியது, இல்லை.

அதனால் முதல் வேலையாக விண்டோஸை நிறுத்திவிட்டு, பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி மூலம் முழு டிஸ்க்கையும் ஒரு புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். சாதாரண காப்பி மோசமான இடம் வந்ததும் அங்கேயே மல்லுக்கட்டி நிற்கும், இது அப்படியில்லை. அந்த இடத்தைத் தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கடைசியில்தான் திரும்பி வந்து கெட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை முடிந்தது என்பதையும் ஒரு மேப் ஃபைலில் குறித்து வைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போனது, தொடர்ந்தேன். இரவு முழுக்க ஓடி, கடைசியில் ஒரு சில செக்டர் மட்டும் வரவே இல்லை. ஒரு டிபி டிஸ்க்கில் அவ்வளவுதான் சேதம், அதில் ஒன்று மொய்க் கணக்கின் வயிற்றிலேயே விழுந்திருக்கிறது!

இனி எல்லாம் நகலில்தான். எக்செல் ஃபைல் என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை, உள்ளே எக்ஸ்எம்எல் என்ற வகையில் எழுதிய பல எழுத்து ஃபைல்கள். ஷீட் என்ற ஃபைலில் தொகைகள் அப்படியே எண்ணாக இருக்கும். ஆனால் பெயரும் ஊரும் அங்கே இருக்காது, அந்தக் கட்டத்தில் வெறும் வரிசை எண்தான், எழுத்தெல்லாம் தனியாக ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ் என்ற ஃபைலில் ஒரு பட்டியலாகக் கிடக்கும். ஒரே சொல் நூறு இடத்தில் வந்தாலும் பட்டியலில் ஒரு தடவைதான்.

ஷீட் முழுசாக வந்துவிட்டது. அடி விழுந்தது ஷேர்டு ஸ்ட்ரிங்ஸில், நடுவே 4,096 பைட் வெறும் பூஜ்யம். சுருக்கிய தகவலில் நடுவில் ஓட்டை விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பதையும் பிரிக்க முடியாது, முன்னால் இருப்பதை எடுத்துவிடலாம். பைத்தான் மொழியில் பத்து வரி புரோகிராம் எழுதி, எரர் வரும் வரைக்கும் வந்ததை எல்லாம் பிடித்து வைத்தேன். 351-ஆம் வரி வரை பெயர் சுத்தமாக வந்தது, அப்புறம் குப்பை.

மீதி 287 வரிக்குத் தொகை இருக்கிறது, ஆள் இல்லை. ஆனால் ஊர்? மேலூர், சோழவந்தான், திருமங்கலம் எல்லாம் முதல் பாதியிலேயே வந்துவிட்ட சொற்கள், பட்டியலின் நல்ல பகுதியில் பத்திரமாக இருந்தன. ஆக, பின்பாதியிலும் பெரும்பாலான வரிகளுக்கு ஊர் கிடைத்துவிட்டது.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "திருமங்கலம், 1,001." "மில்லுக்கார மாமா." "மேலூர், 201, அடுத்ததும் மேலூர் 201, அதுக்கடுத்ததும்." "அது வேன்ல வந்த கூட்டம், முதல்ல பெரியவர் எழுதியிருப்பார், அப்புறம் தம்பிங்க, வரிசையா போட்டுக்கோ." சில தொகைக்கு முகம் சுளித்தாள், "அவன்தான், வேற யாரு 51 வைப்பா." மூன்று சாயங்காலம் இப்படிப் போனது, 240 வரிக்கு மேல் பெயர் வந்துவிட்டது. எந்த சாஃப்ட்வேரும் இவ்வளவு மீட்டிருக்காது.

உசிலம்பட்டிக்கு மட்டும் கடைசி வரைக்கும் இரண்டு வரி ஆள் தெரியாமல் நின்றன. ஒன்று 501, இன்னொன்று 2,001. பத்திரிகை வைத்தவர் எது என்று அம்மாவுக்கும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "எதுக்கு வம்பு" என்று 2,501 வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டோம். பழைய டிஸ்க் இப்போது மேஜையில் பேப்பர் வெயிட்.